மெயில் பெட்டி நிறைகிறதா? நகல் எடுக்கும்போது வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

தக்கலையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பிரிண்டர், லேப்டாப், ஐப்பசி இடியில் செத்துப்போன மோடம் என்று தினமும் ஏதாவது வரும். நடுநடுவே தவறாமல் வருவது இந்த வேலை: மெயில் பெட்டி நிறையப் போகிறது, பழையதைக் கம்ப்யூட்டரில் எடுத்து வைக்க வேண்டும், எடுக்கப் போன இடத்தில் ஏதோ தகராறு. முந்திரி ஏற்றுமதி செய்பவர், கன்னியாகுமரியில் லாட்ஜ் நடத்துபவர், வெளிநாட்டு வேலைக்குச் சான்றிதழ் அனுப்பிக்கொண்டிருக்கும் நர்ஸ், மகன் எழுதிய மெயில்களைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார். எல்லோருக்கும் வந்தது இந்தப் பத்துக் கோளாறில் ஒன்றுதான்.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் எல்லோருக்கும் ஒரு சோதனை. கம்ப்யூட்டரில் நெட்டைத் துண்டியுங்கள். வயர் என்றால் பிடுங்குங்கள், வைஃபை என்றால் அணையுங்கள். நகல் என்று நீங்கள் நம்புவதைத் திறந்து, மூன்று நான்கு வருடம் பழைய மெயில் ஒன்றை எடுத்து, அதில் இருக்கும் அட்டாச்மென்ட்டையும் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் உங்களிடம் நகல் இல்லை. சர்வரில், அதாவது மெயில் கம்பெனியின் கம்ப்யூட்டரில், இருப்பதை எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் இருக்கிறது, அவ்வளவுதான். கடையில் இதை வயர் சோதனை என்போம். கீழே பல இடத்தில் வரும்.

## அறிகுறி 1: "உங்களுக்கு அனுப்பினது திரும்பி வருது" என்று போன் வருகிறது

திரும்பி வந்த அறிவிப்பில் இருக்கும் எண்ணை அனுப்பியவரிடம் கேளுங்கள். 452, 4.2.2 என்று 4-இல் தொடங்கினால் தற்காலிகம். அவருடைய சர்வர் வழக்கமாகச் சில நாட்கள் திரும்பத் திரும்ப முயலும். அதற்குள் நீங்கள் இடம் உண்டாக்கிவிட்டால் மெயில் தானாக வந்துவிடும். 552, 5.2.2 என்று 5-இல் தொடங்கினால் போனது போனதுதான். இடம் உண்டாக்கிவிட்டு மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

இனி, இடத்தைத் தின்றது எது என்று பார்ப்போம்.

மெயிலே இல்லாமல் இருக்கலாம். ஜிமெயிலில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி, ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொதுவானது. 2021 ஜூன் 1 முதல் போட்டோஸில் ஏறும் படங்களும் இதில்தான் கழியும். பிற்பாடு ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப்பையும் இதிலேயே சேர்த்துவிட்டார்கள். குளச்சலில் மீன் வியாபாரம் செய்யும் ஒருவர் பதறிக்கொண்டு வந்தார், வெளிநாட்டு ஆர்டர் மெயில் வரவில்லை என்று. பார்த்தால் மெயில் மொத்தமே 2 ஜிபிதான். மச்சினன் கல்யாண வீடியோக்கள் வாட்ஸ்அப் பேக்கப்பில் ஏறி உட்கார்ந்து ஆர்டரை வாசலில் நிறுத்தியிருந்தன. கூகுள் அக்கவுண்டின் ஸ்டோரேஜ் பக்கத்தில் எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும், முதலில் அங்கே போங்கள். வாட்ஸ்அப்தான் காரணம் என்றால், வாட்ஸ்அப்பின் சாட் பேக்கப் பக்கத்தில் வீடியோக்களைச் சேர்க்கும் பட்டனை அணைத்துவிட்டு ஒருமுறை பேக்கப் கொடுங்கள்.

குப்பையும் ஸ்பேமும். ஜிமெயிலில் இரண்டும் 30 நாளில் தானாக அழியும். அதுவரை இடம் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். அவசரத்துக்கு மூச்சு விட, குப்பையை ஒருமுறை கண்ணோட்டிவிட்டு காலி செய்யுங்கள். நகல் எடுக்காமலே அழிக்கலாம் என்று நான் சொல்வது இந்த இரண்டை மட்டும்தான்.

பெரிய அட்டாச்மென்ட். ஜிமெயில் தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் இருக்கும் அடையாளத்தை அழுத்தினால் அளவு கேட்கும். 10 எம்பிக்கு மேல் என்று கொடுத்துத் தேடுங்கள். மெயிலில் ஏறும்போது கோப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். 15 எம்பி பிடிஎஃப் பெட்டிக்குள் 20 எம்பி. ஆகவே ஐம்பது நூறு பெரிய மெயிலை இறக்கினாலே நிறைய இடம் மிச்சமாகும்.

சொந்தப் பெயரில் இருக்கும் மெயில். கம்பெனி பெயரில் டொமைன் வாங்கி, ஹோஸ்டிங்கோடு வந்த மெயிலை வைத்திருந்தால், பெட்டிக்குத் தனி அளவு வைத்திருப்பார்கள். சிபேனல் என்ற ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குள் போய் அதைக் கூட்டலாம். கூட்டியும் சரியாகவில்லையென்றால் ஹோஸ்டிங் கணக்கே நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். வெப்சைட்டின் பழைய பேக்கப் கோப்புகள் உள்ளேயே கிடக்கும். அதை அழிப்பது வெப்சைட் செய்தவர் வேலை, அவரைக் கூப்பிடுங்கள்.

பணம் கட்டி இடம் வாங்குவது கடைசி வழி. தப்பில்லை. நாளைக்கே ஷிப்மென்ட் என்றால் ஒரு மாதத்துக்கு வாங்கிவிட்டு நிதானமாக நகல் எடுக்கச் சொல்லி நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

வியாபாரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜிஎஸ்டி சட்டப்படி, கணக்குகளை அந்த வருடத்துக்கான ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பில் எல்லாம் மெயிலில்தான் கிடக்கிறது என்றால், "பழசுதானே" என்று அழிப்பதற்கு முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

## அறிகுறி 2: பாஸ்வேர்ட் சரிதான், தண்டர்பேர்டோ அவுட்லுக்கோ உள்ளே விடமாட்டேன் என்கிறது

தண்டர்பேர்ட், அவுட்லுக் இரண்டும் மெயிலைக் கம்ப்யூட்டரில் இறக்கிப் படிக்கும் மென்பொருள்கள். பாஸ்வேர்டை நாலு தடவை அடித்துப் பார்த்து, அப்புறம் கோபத்தில் மாற்றியும் விடுவார்கள். மாற்ற வேண்டாம். தனிநபர் ஜிமெயிலில் 2022 மே 30-க்குப் பிறகு சாதாரண பாஸ்வேர்டை வைத்து வெளி மென்பொருள் உள்ளே போக முடியாது. புதிய தண்டர்பேர்ட் என்றால் கூகுளின் சொந்த லாகின் ஜன்னல் திறக்கும், அதில் நுழைந்தால் முடிந்தது. ஜன்னல் திறக்காத பழைய பதிப்பு என்றால் பதிப்பைப் புதுப்பியுங்கள். அதுவும் ஆகாத பழைய அவுட்லுக் என்றால், கூகுள் அக்கவுண்டில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் ஒன்றை உண்டாக்கி அதைக் கொடுக்க வேண்டும்.

சொந்த டொமைன் மெயில் என்றால் பெரும்பாலும் போர்ட் எண்தான் வில்லன். ஐமாப் (சர்வரில் இருப்பதை அப்படியே காட்டும் முறை) என்றால் 993, பாப் (சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் முறை) என்றால் 995, இரண்டிலும் எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்பு இயக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆபீஸ் மெயிலில் "அட்மினிஸ்ட்ரேட்டரைக் கேளுங்கள்" என்று வந்தால் நிறுத்திவிடுங்கள். அந்தப் பூட்டின் சாவி உங்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.

## அறிகுறி 3: எல்லா மெயிலும் தெரிகிறது, வயரைப் பிடுங்கினால் ஒன்றும் திறக்கவில்லை

நீங்கள் திறந்தது பிரவுசர். டெஸ்க்டாப்பில் சிவப்பு எம் எழுத்து ஐகான் இருக்கும். "கம்ப்யூட்டர்லதான் கெடக்குல்லா" என்பார் வாத்தியார். அது ஜிமெயில் வெப்சைட்டுக்கு ஒரு குறுக்குவழி. அந்த ஐகானைப் பென் டிரைவில் காப்பி செய்து பீரோவில் வைத்துப் பூட்டியவரையும் பார்த்திருக்கிறேன்.

போனில் இருக்கிறது என்கிறீர்கள். ஜிமெயில் ஆப் வழக்கமாகக் கடைசி 30 நாள் மெயிலைத்தான் போனில் வைத்திருக்கும். அதை நகல் என்று எண்ண வேண்டாம்.

தண்டர்பேர்ட் தலைப்பை மட்டும் இறக்கியிருக்கிறது. அக்கவுண்ட் செட்டிங்ஸில் சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ் பக்கத்துக்குப் போய், இந்தக் கணக்கின் மெயில்களை இந்தக் கம்ப்யூட்டரில் வை என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அதே பக்கத்தில் "கடைசி இத்தனை நாள் மட்டும்" என்று அளவு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு ஃபைல் மெனுவில் ஆஃப்லைன், அதற்குள் டவுன்லோட் சிங்க் நவ். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

ஜிமெயில்காரர்கள் இங்கே ஒரு விஷயத்தில் ஏமாறுவார்கள். லேபிள் போட்ட ஒவ்வொரு மெயிலும், எல்லா மெயிலும் இருக்கும் ஆல் மெயில் ஃபோல்டரில் ஒருமுறை, அந்த லேபிளில் ஒருமுறை என்று இரண்டு மூன்று தடவை இறங்கும். சர்வரில் 12 ஜிபி, கம்ப்யூட்டரில் 25 ஜிபி ஆவது இப்படித்தான். ஆஃப்லைனுக்கு எந்த ஃபோல்டர் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஆல் மெயிலை மட்டும் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் லேபிள் பிரிவு போய்விடும். லாட்ஜ்காரர் ஏஜென்ட் வாரியாக லேபிள் போட்டு வைத்திருந்தார். அவருக்கு மட்டும் இடம் போனாலும் போகட்டும் என்று லேபிளோடு எடுத்துக் கொடுத்தேன்.

## அறிகுறி 4: கம்ப்யூட்டரில் நகல் இருக்கிறதே என்று சர்வரில் அழித்தேன், கம்ப்யூட்டரிலும் போய்விட்டது

கடைக்கு வருவதில் மிகவும் வேதனையானது இதுதான். வயர் சோதனையில் தேறிய மெயில்கூட இதில் போய்விடும்.

காரணம் சுருக்கமாக: தண்டர்பேர்டிலோ அவுட்லுக்கிலோ ஐமாப் முறையில் கணக்கைச் சேர்த்தால், கணக்கின் பெயருக்குக் கீழே நீங்கள் பார்ப்பது சர்வரின் கண்ணாடி. அங்கே அழிந்தால் இங்கேயும் அழியும், இங்கே அழித்தால் அங்கேயும். நெட் இல்லாமல் திறக்கிறது என்பதால் அது தனி நகல் ஆகிவிடாது.

நடந்துவிட்டால் உடனே செய்ய வேண்டியது. வேறு எதையும் தொடாமல் பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து குப்பையைப் பாருங்கள். 30 நாள் ஆகவில்லையென்றால் எல்லாம் அங்கே இருக்கும், இன்பாக்ஸுக்குத் திருப்பிவிடலாம். "எடம் காணலேன்னு குப்பையையும் தொடச்சிட்டேன் மக்கா" என்று சொன்னால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அப்போதும் ஒரு வழி மிச்சம் இருக்கலாம். அதே கணக்கு சேர்த்திருக்கும் வேறு கம்ப்யூட்டர் வீட்டிலோ ஆபீஸிலோ இருக்கிறதா? அழித்த நாளுக்குப் பிறகு அதைத் திறக்காமல் இருந்தால் அதுதான் உங்கள் அதிர்ஷ்டம். அதை இயக்குவதற்கு முன்பே ரூட்டரை அணையுங்கள். நெட் இல்லாமல் தண்டர்பேர்டைத் திறந்து, அதில் இறங்கியிருக்கும் மெயில்களை லோக்கல் ஃபோல்டர்ஸுக்குக் காப்பி செய்யுங்கள். காப்பி முடிந்து, எண்ணிக்கையும் பார்த்த பிறகுதான் நெட். கன்னியாகுமரி லாட்ஜ் ஒன்றில் மூன்று வருட புக்கிங் மெயில் இப்படித்தான் திரும்பியது, ரிசப்ஷன் மேசைக்கு அடியில் சார்ஜ் இல்லாமல் கிடந்த பழைய லேப்டாப்பிலிருந்து. அதை அங்கேயே இயக்கிப் பார்க்காமல் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்த பையனுக்குத்தான் பாராட்டு.

இனி நடக்காமல் இருக்க. தண்டர்பேர்டின் இடப்பக்கப் பட்டியலில் அடியில் லோக்கல் ஃபோல்டர்ஸ் என்று ஒன்று இருக்கும். அதற்குள் வருட வாரியாக ஃபோல்டர் போடுங்கள்: 2019, 2020 என்று. மெயில்களைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்து காப்பி டூ கொடுங்கள். மூவ் டூ வேண்டாம். மூவ் கொடுத்து நடுவில் கரண்ட் போனால் எது எங்கே இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்க நேரும். நம் பக்கத்தில் ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை. இரண்டிலும் கரண்ட் நம்மிடம் கேட்டுவிட்டுப் போவதில்லை. லோக்கல் ஃபோல்டர்ஸில் போய்ச் சேர்ந்த மெயிலைச் சர்வரால் தொட முடியாது.

இதன் மறுபக்கம்: சர்வரில் மெயிலே இல்லை, எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில். சொந்த டொமைன் மெயிலைப் பாப் முறையில் சேர்த்து, சர்வரில் நகல் விடு என்ற கட்டத்தில் டிக் இல்லாமல் விட்டால் இப்படி ஆகும். மார்த்தாண்டத்தில் ஒரு கம்பெனியில் மேனேஜருக்குப் புது லேப்டாப் வாங்கி, எல்லோரும் பார்க்கும் பொது மெயிலைச் சேர்த்திருக்கிறார்கள். அடுத்த அரை மணி நேரத்தில் மற்ற நாலு மேசையிலிருந்தும் சத்தம், வெப்மெயில் காலி என்று. மெயில் எதுவும் தொலையவில்லை, மொத்தமும் மேனேஜர் மடியில் இருந்தது. டிக்கைப் போட்டு, அந்த லேப்டாப்பில் ஐமாப்பையும் சேர்த்து, மெயில்களைத் திரும்பச் சர்வரில் ஏற்றிக் கொடுத்தோம். அதுவரை லேப்டாப்பை ஃபார்மேட் செய்யாமல் இருந்தார்களே, அதற்கு நன்றி.

குப்பையும் காலி, வேறு கம்ப்யூட்டரும் இல்லை என்றால் ரிக்கவரி மென்பொருளை டவுன்லோட் செய்து அதே டிஸ்க்கில் நிறுவாதீர்கள். நிறுவும்போதே பழைய தடயத்தின் மேல் எழுதிவிடும். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி 5: டவுன்லோட் பாதியில் நிற்கிறது

கம்ப்யூட்டர் தூங்கிவிடுகிறது. பவர் செட்டிங்ஸில் ஸ்லீப்பை நெவர் என்று வையுங்கள். சிரிக்க வேண்டாம், எத்தனையோ தடவை இதுதான்.

கூகுள் நிறுத்துகிறது. ஜிமெயிலில் ஒரு நாளைக்கு ஐமாப் வழியாக சுமார் 2500 எம்பி, பாப் வழியாக அதில் பாதிதான் இறக்கலாம். தாண்டினால் அந்த வழி கொஞ்ச நேரம் மூடிக்கொள்ளும், 24 மணி நேரம் வரைகூட ஆகலாம். பாஸ்வேர்டை மாற்றுவது, கணக்கை நீக்கிச் சேர்ப்பது எல்லாம் வீண், நீக்கிச் சேர்த்தால் முதலிலிருந்து இறங்கும். மறுநாள் தொடருங்கள். 12 ஜிபிக்கு ஐந்து நாள் என்று முதலிலேயே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கில் இடமில்லை. சி டிரைவைப் பாருங்கள். மெயில் அளவைப் போல் இரண்டு மடங்காவது காலியாக இருக்கட்டும்.

ஒரே இடத்தில் நிற்கிறது. எத்தனை தடவை போட்டாலும் அதே எண்ணிக்கையில் நின்றால் அங்கே ஒரு கெட்ட மெயில் இருக்கிறது. ஆயிரம் ஆயிரமாகக் காப்பி செய்யுங்கள். எந்த ஆயிரத்தில் நிற்கிறதோ அதை நூறாக, பிறகு பத்தாகப் பிரித்தால் ஆள் மாட்டுவான். அந்த ஒன்றை மட்டும் பிரவுசரில் திறந்து பிடிஎஃப் ஆக எடுத்துக்கொண்டு நகருங்கள்.

ஆன்டிவைரஸ். தண்டர்பேர்ட் வழக்கமாக ஒரு ஃபோல்டரின் மெயிலை எல்லாம் ஒரே கோப்பில் வைக்கும். அதில் ஒரு ஸ்பேமில் வைரஸ் இருந்தால், ஆன்டிவைரஸ் இன்பாக்ஸ் கோப்பையே தூக்கி அடைத்துவிடும். "நேத்து இருந்தது இன்னைக்கு இல்ல" என்றால் குவாரன்டீன் பட்டியலைப் பாருங்கள், அங்கே இருந்தால் ரீஸ்டோர் கொடுங்கள். பிறகு தண்டர்பேர்ட் மெயிலை வைத்திருக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டரை ஆன்டிவைரஸின் விலக்குப் பட்டியலில் சேருங்கள்.

பென் டிரைவில் மட்டும் ஏற மறுக்கிறது. பென் டிரைவ் 64 ஜிபி, கோப்பு 6 ஜிபி, "கோப்பு மிகப் பெரியது" என்று வருகிறது. பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கிறது, அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தால் ஏறும். ஃபார்மேட் செய்தால் அதில் இருப்பது அழியும், மகளின் பிறந்தநாள் படங்களை முதலில் வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

## அறிகுறி 6: அவுட்லுக்கில் எக்ஸ்போர்ட் எடுத்தேன், ஒரு வருட மெயில்தான் இருக்கிறது

மைக்ரோசாஃப்ட் கணக்குகளில் அவுட்லுக் பெரும்பாலும் கடைசி ஒரு வருட மெயிலைத்தான் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும். கீழே போனால் "சர்வரில் மேலும் இருக்கிறது" என்று ஒரு வரி காட்டும், யாரும் கவனிப்பதில்லை. எக்ஸ்போர்ட் கொடுத்தால் கம்ப்யூட்டரில் இருப்பது மட்டும் போகும்.

அக்கவுண்ட் செட்டிங்ஸில் கணக்கை இரட்டைக் கிளிக் செய்து, எத்தனை மாத மெயில் ஆஃப்லைனில் வேண்டும் என்ற நழுவு பட்டையை ஆல் வரை இழுங்கள். அவுட்லுக்கை மூடித் திறந்து, கீழே எல்லா ஃபோல்டரும் அப் டு டேட் என்று வரும்வரை காத்திருங்கள். அப்புறம்தான் எக்ஸ்போர்ட். உச்சியில் இருக்கும் கணக்குப் பெயரைத் தேர்ந்து, உள் ஃபோல்டர்களையும் சேர் என்பதில் டிக் போட்டு, பிஎஸ்டி என்ற அவுட்லுக்கின் நகல் கோப்பாக எடுங்கள். இதைப் பழைய அவுட்லுக்கில் செய்யுங்கள். புது அவுட்லுக்கில் பிஎஸ்டி வேலை இன்னும் அரைகுறைதான்.

அவுட்லுக் தானாக வைத்திருக்கும் ஓஎஸ்டி கோப்பைக் காப்பி எடுத்து வைத்திருக்கிறேன் என்றால் அது நகல் இல்லை. அந்தக் கணக்கோடு, அந்தக் கம்ப்யூட்டரோடு கட்டிப்போட்ட கோப்பு அது. வேறு கம்ப்யூட்டரில் அவுட்லுக் அதை நேரடியாகத் திறக்காது. வேலையை விட்டுப் போகும்போது ஓஎஸ்டியைக் கொண்டுபோனவர்கள் பிறகு வந்து நின்றால் கையை விரிப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

பிஎஸ்டி திறக்கும்போது பிழை வந்தால் முதலில் அந்தக் கோப்பையே இன்னொரு காப்பி எடுங்கள். காப்பியின் மேல், ஆபீஸோடு வரும் ஸ்கேன்பிஎஸ்டி என்ற கருவியை ஓட்டுங்கள், தேவையானால் இரண்டு மூன்று முறை. அளவையும் பாருங்கள்: அவுட்லுக் 2010 முதல் வழக்கமான உச்சவரம்பு 50 ஜிபி, அதற்கு முந்தைய 2003, 2007-இல் 20 ஜிபி. இன்னும் பழைய வகைக் கோப்பு என்றால் 2 ஜிபியிலேயே முட்டிக்கொள்ளும். வருடம் வாரியாகச் சின்னச் சின்ன பிஎஸ்டியாக வைத்தால் ஒன்று கெட்டாலும் ஒரு வருடம்தான் போகும். ஸ்கேன்பிஎஸ்டிக்கும் மசியாத கோப்பை ஆள் தெரிந்த இடத்தில் கொடுங்கள்.

## அறிகுறி 7: நகலும் எடுத்தாயிற்று, அழித்தும் ஆயிற்று, இடம் மட்டும் குறையவில்லை

குப்பைக்குள் இருக்கிறது. குப்பையைக் காலி செய்தால்தான் இடம் திரும்பும். கணக்கில் தெரிய ஒரு நாள்கூட ஆகலாம், பதற வேண்டாம்.

ஆல் மெயிலில் இருக்கிறது. ஜிமெயிலின் இன்பாக்ஸிலிருந்து தண்டர்பேர்ட் வழியாக லோக்கல் ஃபோல்டருக்கு மூவ் செய்தால், கூகுள் அதை அழித்ததாக எடுத்துக்கொள்ளாமல் ஆர்க்கைவ் செய்துவிடும். இன்பாக்ஸ் காலி, ஆல் மெயிலில் எல்லாம் பத்திரம், இடமும் அப்படியே. ஆகவே என் வழக்கம் இது: நகல் எடுப்பது தண்டர்பேர்டில், அழிப்பது பிரவுசரில். தேடல் பெட்டியில் தேதி கொடுத்து, குறிப்பிட்ட வருடத்து மெயிலை வரவழைத்து, நகலில் இருக்கும் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, பிறகு அழிப்பேன். ஜிமெயில் உரையாடல்களாகச் சேர்த்துக் காட்டுவதால் எண்ணிக்கை குறைவாகத் தெரியும். கான்வர்சேஷன் வியூவை அணைத்துவிட்டு எண்ணுங்கள்.

கம்ப்யூட்டரில் இடம் குறையவில்லையா? தண்டர்பேர்டில் அழித்த மெயிலும் கோப்புக்குள் கிடக்கும். ஃபோல்டரை வலது கிளிக் செய்து கம்பேக்ட் கொடுங்கள். அது ஓடும்போது அணைத்துவிடாதீர்கள்.

## அறிகுறி 8: கூகுள் டேக்அவுட்டில் எடுத்தேன், திறக்கவில்லை

கூகுளில் இருக்கும் உங்கள் தரவை மொத்தமாக எடுக்க, கூகுளே தரும் டேக்அவுட் நல்ல வழி, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற ஐமாப் தொல்லை இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் டிக் இருப்பதைப் பார்க்காமல் கொடுத்தால் போட்டோஸும் சேர்ந்து வந்து தலையில் விழும். எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு மெயிலை மட்டும் போடுங்கள். தயாரானதும் வரும் லிங்க் ஏறத்தாழ ஒரு வாரம்தான் உயிரோடு இருக்கும். "பிறகு ஒருக்கா எடுக்கலாம்" என்று விட்டவர்கள் மறுபடி கேட்டு வாங்க வேண்டியதுதான்.

துண்டு துண்டாக ஜிப் வந்தால் எல்லாத் துண்டும் இறங்கியிருக்கிறதா என்று எண்ணுங்கள். உள்ளே இருப்பது மெயில் எல்லாம் ஒன்றாக அடங்கிய எம்பாக்ஸ் கோப்பு. அதை இரட்டைக் கிளிக் செய்து நோட்பேடில் திறந்தால் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறும். தண்டர்பேர்டில் இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி என்ற ஆட்-ஆனைச் சேர்த்து, லோக்கல் ஃபோல்டர்ஸை வலது கிளிக் செய்து எம்பாக்ஸை இறக்குமதி செய்யுங்கள். திறந்ததும் வயர் சோதனை.

## அறிகுறி 9: பழைய தமிழ் மெயில் கிறுக்கலாகத் தெரிகிறது

எல்லா மெயிலும் அப்படியா, பழையவை மட்டுமா? பழையவை மட்டும் என்றால் கோப்பு கெடவில்லை. யூனிகோட் பரவுவதற்கு முன் எழுதிய மெயில்கள் டிஸ்கி, டாப், டாம் என்று வெவ்வேறு குறியீட்டில் இருக்கும். அந்தந்த எழுத்துரு இருந்தால் படிக்கலாம், எழுத்துரு மாற்றிகளும் இருக்கின்றன. மாற்றிய எழுத்தைத் தனிக் கோப்பில் வையுங்கள், மூல மெயிலைத் தொட வேண்டாம். எல்லா மெயிலுமே அப்படி என்றால், தண்டர்பேர்டில் ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங் கொடுத்துப் பாருங்கள்.

## அறிகுறி 10: நகல் வைத்த டிஸ்க்கே தெரியவில்லை

வேறு வயர், வேறு யுஎஸ்பி துளை, வேறு கம்ப்யூட்டர். இந்த வரிசையில் பாருங்கள். முட்டம், குளச்சல், கன்னியாகுமரி என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு யுஎஸ்பி முனையில் உப்புக் காற்று பச்சையாகவோ துருவாகவோ படிந்திருக்கும். காய்ந்த துணியால் துடைத்தாலே சிலது உயிர் பெறும். இனி டிஸ்க்கை மூடி இறுகும் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நகல் இரண்டு இடத்தில் இருக்கட்டும், இரண்டையும் ஒரே பீரோவில் வைக்க வேண்டாம்.

தண்டர்பேர்டின் ப்ரொஃபைல் ஃபோல்டரை டிஸ்க்குக்குக் காப்பி செய்யும்போது தண்டர்பேர்ட் மூடியிருக்க வேண்டும். திறந்திருக்கும்போது எடுத்த காப்பி சில நேரம் அரைகுறையாக இருக்கும்.

டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டால் உடனே பிடுங்கிவிடுங்கள். இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம் என்ற ஆசையே கூடாது. ஃப்ரீசரில் வைப்பது, தட்டிப் பார்ப்பது எதுவும் வேண்டாம். அது என் கடையில் முடியும் வேலையும் அல்ல. தூசி புகாத அறை வைத்திருக்கும் மீட்பு நிறுவனத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். செலவு ஆயிரக்கணக்கில் போகும், ஆகவே உள்ளே இருப்பது அவ்வளவு பெறுமா என்று முதலில் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறியானாலும் சரி, சர்வீஸுக்குப் போகும்போது லேப்டாப்போடு சார்ஜரையும், ஓடிபி வரும் போனையும் எடுத்துக்கொண்டு போங்கள். அந்த நம்பர் துபாயில் இருக்கும் மகனிடம் இருந்தால், அவர் டியூட்டி முடிந்து வரும் நேரம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.